கிழக்கென்றால் கடல்

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கிழக்கு பார்த்த வீடா? தண்ணீர் வருமா என்று அப்புறம்தான் கேட்பார்கள். மழைக்குத் தெரு மூழ்குமா என்று அதற்கும் அப்புறம். புரோக்கர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசல் தெற்கே இருந்தால் பால்கனி கிழக்கே இருக்கிறது என்பார்கள். பால்கனியும் இல்லாவிட்டால் சாமி அலமாரியைக் காட்டி, இது கிழக்கே பார்க்கிறது பாருங்கள் என்பார்கள். எப்படியாவது அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் ஆவடியில் குடியிருந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் என் ஊர்ப் பேச்சு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர் எனக்கு. அங்கே கிழக்கு என்றால் கடல். "கிழக்க போயிருக்காங்க" என்றால் கடலுக்குப் போயிருக்கிறார்கள். "கிழக்க சத்தம் கூடுதலா இருக்கு" என்றால் அலை பெரிதாக இருக்கிறது, படகு இறக்க வேண்டாம் என்று அர்த்தம். கிழக்கு பார்த்த வீடுகள் என்று கரையோரத்தில் இருந்த ஒரே ஒரு வரிசையைத்தான் சொல்வார்கள். கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர். அந்த வரிசையில்தான் எங்கள் வீடும் இருந்தது. அப்பா மீன் பிடிக்கிறவர் இல்லை. படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டினார்.

கல்யாணமாகி நேராக ஆவடிக்கு வந்தேன். கோவில்பதாகையில் ஒரு மாடி வீடு, வாடகைக்கு. என் வீட்டுக்காரர் தருமபுரிப் பக்கம். ஆவடியிலேயே ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வண்டியை எடுத்தார் என்றால் டம்ளரில் மிச்சம் வைத்த டீ ஆறுவதற்குள் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, "பாவம், இவங்கள்லாம் பாதி ஆயுசை வண்டியிலயே கழிக்கிறாங்க" என்பார்.

வந்த புதிதில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் காலி மனையும் கருவேல மரங்களும் தெரிந்தன. அதைத் தாண்டி ஒரு குட்டை. அது கடல் இல்லைதான், ஆனாலும் கண்ணுக்குப் போக ஒரு வழி இருந்தது. ஒரு வருஷம் குட்டையை மூடினார்கள். அப்புறம் ஒரு வீடு வந்தது, அதன்மேல் ஒரு மாடி வந்தது, பக்கத்தில் இன்னொன்று வந்தது. கடைசியில் என் ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய் வந்து நின்றுகொண்டது. எந்த வீட்டில் யார் எத்தனை நேரம் குளிக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. சாம்பார் கொதிக்கும்போது எதிர்வீட்டு சோப்பு வாசனையும் சேர்ந்து வரும்.

நான் அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் ரத்தம் எடுக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்கிற வேலை. நரம்பு எல்லா ஊரிலும் கையில்தான் இருக்கிறது. இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லாத வருஷம் கிடையாது. "கடலோரமா ஒரு வீடு பாக்கலாங்க" என்பேன். "பாக்கலாம்" என்பார். பாக்கலாம் என்ற சொல்லுக்குத் தருமபுரியில் என்ன அர்த்தமோ, எனக்கு இன்றுவரை தெரியாது. மகள் பள்ளிக்கூடம் முடிக்கட்டும், பாக்கலாம். காலேஜ் சேரட்டும், பாக்கலாம். அவளும் படித்து முடித்து பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்கே போய்விட்டாள். இவர் இன்னும் பாத்துக்கொண்டே இருந்தார்.

கோடைக்காலத்தில் எல்லோரையும் போல நானும் கடல்காற்றுக்காகக் காத்திருப்பேன். கரையோரம் இருக்கிறவர்களுக்கு மதியமே வந்துவிடும் அந்தக் காற்று, ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் மொட்டைமாடிக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் வரவே வராது. வந்தாலும் அதில் உப்பு இருக்காது. ஆனாலும் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் நிற்பேன். கீழ்வீட்டில் இருக்கிற எங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மா படியடியில் நின்று குரல் கொடுப்பார்.

"இன்னாம்மா, ரெண்டு பொடவ எடுக்க இம்மா நேரமா? துணியாண்ட கத பேசிகினு கீறியா?"

"காத்து வாங்குறேங்க."

"காத்து வோணும்னா ஃபேனப் போட்டுக்கோ. இதுக்கு மாடி ஏறுவாங்களா யாராச்சும்?"

மகளிடம் போனில் புலம்பினால் அவளும் இதே பாட்டுத்தான். "ம்மா, பீச் வேணும்னா ஞாயித்துக்கிழமை மெரினா போய்ட்டு வா. அதுக்குன்னு வீட்டையே மாத்துவாங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "சொந்தக்காரங்கள ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம்டி. கூடப் பொறந்ததை அப்படிப் பாக்க முடியுமா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன்.

சொந்த வீடு வாங்கியே தீருவது என்று அவர் இறங்கியபோதுதான் எனக்கு நெருக்கடி வந்தது. வாடகை வீடு என்றால் என்றைக்காவது காலி செய்யலாம். இங்கேயே ஒன்றை வாங்கிவிட்டால் அவ்வளவுதான். இந்த ஜென்மத்துக்குக் கடல் கிடையாது என்று எழுதி வைத்த மாதிரி. பட்டாபிராமில் ஒன்று, திருமுல்லைவாயிலில் ஒன்று என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எல்லாவற்றையும் வேண்டாம் என்றேன். படி செங்குத்து என்றேன், பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் என்றேன். ஒரு நாள் காலையில் டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டே பொறுமை இழந்து கத்தினேன்.

"இங்க பாருங்க. கிழக்க ஒரு வீடு பாருங்க. அப்படி அமைஞ்சா மட்டும் எங்கிட்ட சொல்லுங்க. மத்த எந்த வீட்டுக்கும் நான் படியேற மாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். "அவ்வளவுதான? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அடேயப்பா, கேட்டவுடனே ஒத்துக்கொண்டாரே, இத்தனை வருஷம் கத்தாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை. லேப்பில் ஒரு பெரியவருக்குக் கையில் ரப்பர் கட்டி, நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சாதாரணமாக அந்த நேரத்தில் எடுக்க மாட்டேன். அவர் விடாமல் அடித்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அமைஞ்சிருச்சு!" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ கேட்ட மாதிரியே கிழக்கு பார்த்த வீடு. வாசல்ல நின்னா எதிர்ல தண்ணி. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஓனரு பூந்தமல்லியில கடை வச்சிருக்கிற பாய், நல்ல மனுஷன். இன்னொருத்தரும் கேட்டுக்கிட்டிருக்காராம். சரின்னு வாக்கு குடுத்துரட்டுமா?"

"தண்ணி எதிர்லயேவா?"

"எதிர்லயேதான். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"எந்தப் பக்கங்க?"

"அதெல்லாம் இப்ப சொல்ல மாட்டேன். நாளைக்கு நேர்ல காட்டுறேன். குடுத்துரட்டுமா, வேணாமா?"

"குடுத்துருங்க! இப்பவே குடுத்துருங்க!"

எண்ணூரோ கோவளமோ, எதுவானால் என்ன என்று இருந்தது எனக்கு. பெரியவர் கையை நீட்டியபடி என் முகத்தையே பார்த்தார். "ஊசி குத்தறதுக்கு இன்னாத்துக்கும்மா இப்டி சிரிக்கிற? பயமா கீது" என்றார். அன்று லேப்பில் எல்லோருக்கும் நான்தான் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஆவடி ஸ்டேஷன் பக்கம் வந்ததும் வண்டி அம்பத்தூர்ப் பக்கம் திரும்பும் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பியது. "என்னங்க இந்தப் பக்கம்?" என்றேன். "பேசாம வா" என்றார். யாரையோ பார்த்துவிட்டுத் திரும்புவார் என்று நினைத்தேன். பட்டாபிராம் போனது. நெமிலிச்சேரி போனது. கடல் முதுகுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

திருநின்றவூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். புதுசாகக் கட்டிய இரண்டு மாடிக் குடியிருப்பு. வாசலில் புரோக்கர் நின்றார்.

"வாக்கா, வா! அண்ணாத்தே எல்லாத்தயும் சொல்லிச்சு. உனுக்குத் தண்ணின்னா உசுராமே! பாரு, ஊட்டுக்கு எதுர்லயே ஏரி. அலையில்ல, உப்பில்ல, செலவில்லாத கடலு!"

ஏரியைப் பார்த்தேன். நல்ல ஏரிதான், அதைக் குறை சொல்லக்கூடாது. தண்ணீர் இருந்தது, கொக்கு இருந்தது, காற்றும் இருந்தது. அக்கரையில் வீடுகள் தெரிந்தன. ஒரு லாரி போவதுகூடத் தெரிந்தது. நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, சந்தோஷத்துல பேச்சே வரலியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது ஏரிங்க."

"ஆமா."

"நான் கிழக்க பாக்கச் சொன்னேன்."

"வாசல் கிழக்க பாத்துதான இருக்குது? வேணும்னா காம்பஸ் வச்சுப் பாரு."

"கிழக்கன்னா கடலுங்க!"

புரோக்கருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது. அதைக் காதில் வைத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார். வாசலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும்தான். நான் கடலைக் கேட்டேன், இவர் வாஸ்து என்று நினைத்துக்கொண்டார். இவர் வாஸ்துவைச் சொன்னார், நான் கடல் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருக்கிறோம், கிழக்கு மட்டும் ஆளுக்கொன்றாக வைத்திருந்திருக்கிறோம்.

"கிழக்குன்னா சூரியன் வர்ற பக்கம். உலகத்துக்கே அதான் அர்த்தம்" என்றார்.

"எங்க ஊர்ல சூரியனே கடல்லேர்ந்துதான் வரும்."

"சரி, தெரியாமதான் கேக்குறேன். கடல்ல அப்படி என்னதான் இருக்குது? இதுவும் தண்ணிதான? காத்து வருது. ஏரிக்கு என்ன கொறைச்சல்?"

"அக்கரை தெரியுது."

"தெரிஞ்சா?"

"தெரியுற எடம் வரைக்கும் மனுசன் வந்துருவான். நம்ம சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து ஒரு குட்டை தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? எங்க இப்ப அது? இன்னும் கொஞ்ச வருஷத்துல இதையும் அளந்து கல்லு நட்டு பிளாட் போட்டுருவானுங்க. கடலை எவனும் பிளாட் போட முடியாது. நான் எந்திரிச்சு கதவைத் தெறந்தா ஒரு பக்கமாவது எவன் வீடும் இல்லாம தெறந்து கெடக்கணும். அதைப் பாத்து வளந்தவ நான். அது இல்லாம எனக்கு மூச்சு முட்டுது. இருபது வருஷமா முட்டுது. சொன்னா ஏதோ பீச்சுக்கு சுண்டல் திங்கக் கேக்குற மாதிரி சிரிக்கிறீங்க எல்லாரும்."

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அவரைப் பார்க்கப் பாவமாக ஒரு பக்கம். மனுஷன் எனக்காகத்தான் தண்ணீரைத் தேடி அலைந்திருக்கிறார். ஆனால் பாவம் பார்த்து ஒரு வீட்டை வாங்கிவிட முடியாது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை, நானே போகப் போகிறேன் என்று. திங்கட்கிழமை காலையில் எங்கள் மேனேஜரிடம் போய் நின்றேன். எங்கள் லேப்புக்குத் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே மாற்றல் வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், அது யார் மேலயாவது கோவம்னா அனுப்புற எடம். கன்டெய்னர் லாரிக்கு நடுவுல பூந்து போகணும். நீங்களா கேக்குறீங்க?" என்றார். "நானாத்தான் கேக்குறேன், சீக்கிரம் குடுங்க" என்றேன்.

கீழ்வீட்டம்மாவுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. வாசலில் வழிமறித்தார். "இன்னாம்மா, கடலாண்ட குடி போறியாமே? சுனாமி வந்துச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"ஆவடியில மழை பேஞ்சு கட்டில் மேல ஏறி உக்காந்தோமே, அப்ப என்ன பண்ணோம்?"

"அது வேற, இது வேற."

"ஒரு வித்தியாசமும் இல்லீங்க. அங்க தண்ணி அதோட எடத்துல இருக்குது. இங்க நம்ம எடத்துக்கு வருது."

அவர் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போனது போகட்டும் என்று விட்டேன்.

லீவு நாளில் தனியாகத் திருவொற்றியூர் போனேன். மேனேஜர் சொன்னது பொய்யில்லை. லாரிப் புழுதி, கருவாட்டு வாசனை, அலையைத் தடுக்கக் கொட்டி வைத்த கறுப்புப் பாறைகள். சினிமாவில் காட்டுகிற கடற்கரை இல்லை அது. வீடு வாடகைக்கு என்ற அட்டையைத் தேடித் தெருத்தெருவாக நடந்தேன். கரைச் சாலையிலிருந்து இரண்டாவது தெருவில் ஒரு மாடி வீடு இருந்தது. வீட்டுக்கார அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"முன்னாலயே சொல்லிட்றேன். கிரில்லுக்கு இன்னா பெயின்ட் அடிச்சாலும் நிக்காது, துரு துன்னுடும். ஃபிரிஜ்ஜு, டிவி எல்லாம் சீக்கிரமே பூடும். அப்பால எம்மேல வருத்தப்படக் கூடாது."

"பரவால்லங்க. மொட்டைமாடிக்குப் போய்ப் பாக்கலாமா?"

மாடியில் கடல் இருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டிய மட்டும், ஒருத்தன் வீடும் இல்லாமல். உதட்டை நக்கினால் உப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் தோன்றவில்லை. அந்த அம்மா பயந்துபோய், "இன்னாம்மா, ஊட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். "இல்லங்க, எங்க ஊரு ஞாபகம்" என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. ஊர் எனக்கு ஞாபகமே வரவில்லை. இது என் இடம், இங்கே நான் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வருகிறேன், யாருக்கும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டேன்.

"அவரு வருவாராம்மா?"

"அவர் வரலன்னாலும் நான் வருவேன்."

மறுநாள் காலை, அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றல் கேட்டது, வீடு பார்த்தது, எதையும் மறைக்கவில்லை.

"நான் வரலன்னா?" என்றார், தலை நிமிராமல்.

"நான் போவேன். சனிக்கிழமை சாயங்காலம் இங்க வந்து, ஞாயித்துக்கிழமை இருந்துட்டுப் போறேன். கோவத்துல சொல்லல. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை, அன்று உயர்ந்தது.

"மார்கழி மாசத்துலகூட ஃபேனை முழு வேகத்துல வச்சுத்தான் நீ தூங்குற. நான் ரெண்டு போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடக்குறேன். ஒரு நாளாவது நிறுத்துன்னு சொல்லியிருக்கனா? எதுக்குப் போடுறேன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அந்த சத்தம் இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது. ஊர்ல அலை சத்தத்துல படுத்துப் பழகுன ஒடம்பு. எல்லாம் எனக்குத் தெரியும்."

அவர் நடுங்கியது எனக்குத் தெரியாது. தூக்கத்தில் போர்வையை இழுத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை மார்கழியும் என் பக்கத்தில் ஒரு மனுஷன் குளிரில் கிடந்திருக்கிறார். ஆனால் அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது.

"தெரிஞ்சும் இத்தனை வருஷம் பாக்கலாம் பாக்கலாம்னீங்களா?"

அவர் பிரஷ்ஷை மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு வேறு எதையோ பேசுகிற மாதிரி, "வாக்கு குடுத்தாச்சு. நம்மள நம்பி அந்த பாய் இன்னொருத்தரை வேணாம்னு அனுப்பிட்டாரு. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் வேணாம்னு சொல்றது?" என்றார்.

"நீங்க சொல்ல வேணாம். குடுத்துருங்கன்னு சொன்னது என் வாய். நானே போய்ச் சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனோம். பாய் வைத்திருந்தது மெத்தைக் கடை. வாசல்வரை பஞ்சு பறந்தது. என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்க டீக்கடையிலேயே நின்றுகொண்டார். அந்தச் சின்ன ரோட்டை என்னாலும் எளிதாகத் தாண்ட முடியவில்லை. ஆனாலும் இன்று தாண்டாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று தெரிந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. பத்திரம் எப்ப வச்சுக்கலாம்?" என்றார் பாய்.

"பாய், மன்னிச்சுக்கங்க. அந்த வீடு எங்களுக்கு வேணாம்."

அவர் சிரிப்பு நின்றது. "இன்னாம்மா வெளையாடறீங்களா? உங்க ஊட்டுக்காரரு வாக்கு குடுத்தாரேன்னு, கேட்டுகினு வந்தவரைத் திருப்பி அனுப்பிட்டேன். இப்ப வந்து வேணாம்ன்றீங்க."

"அவர் மேல தப்பில்ல. நான்தான் சரின்னு சொன்னேன். கிழக்கு பார்த்த வீடுன்னு சொன்னாரு, எங்க ஊர்ல கிழக்குன்னா கடல். நான் கடலோர வீடுன்னு நெனச்சு சரின்னுட்டேன்."

"நல்லா கீதும்மா நீ சொல்ற கத!" மரியாதை ஒரு படி இறங்கிவிட்டது. "இந்தத் தொழில்ல வாக்குதான் எல்லாம். அந்த ஊட்டுல இன்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. கொறை எங்கிட்டதான். எனக்குக் கடல் பக்கத்துல இருக்கணும்."

"கடலு உனுக்கு சோறு போடுமா?"

"சோறு நானே சம்பாரிச்சுப் போட்டுக்குவேன் பாய். அதைக் கடல் பக்கத்துல உக்காந்து சாப்புடணும். அவ்வளவுதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தலையணை உறை ஒன்றை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார். அனுப்பிவிட்ட ஆளைத் திரும்பக் கூப்பிடுவது எத்தனை கேவலம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இன்னும் நாலு வார்த்தை பேசினார், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில், "சரி, போம்மா. எங்கனா நல்லா இரு. ஆனா இன்னொரு வாட்டி எந்த ஊருன்னு கேக்காம யாராண்டயும் சரின்னு சொல்லாத" என்றார். அது நியாயமான பேச்சு.

ரோட்டைத் தாண்டி வந்தேன். "என்ன சொன்னாரு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "திட்டினாரு. அப்புறம் போன்னுட்டாரு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஆவடிக்குத் திரும்ப வேண்டிய வண்டி திரும்பவில்லை. குமணன்சாவடியைத் தாண்டி நேராகப் போனது.

"எங்க போறீங்க?"

"அந்த வீடு எங்க இருக்குதுன்னு வழி சொல்லு."

அவ்வளவு தூரமும் நான் வலது, இடது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். பார்த்துவிட்டு ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாரோ என்று எனக்குள் அடித்துக்கொண்டது. சொன்னால் சொல்லட்டும், நான் தனியாக வரத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த மாடி அறையில் நான் மட்டும் தட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

திருவொற்றியூர் வீட்டுக்கார அம்மா சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். என் வீட்டுக்காரர் அறை அறையாகப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். கிரில்லைத் தொட்டார், கையெல்லாம் துரு. மொட்டைமாடிக்குப் போய்க் கடலைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவருக்குக் கடல் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லையே.

"இன்னா சார், புட்ச்சிருக்கா?" என்றார் அந்த அம்மா.

அவர் கையைத் தட்டிக்கொண்டார். "எனக்கு வேலை ஆவடியிலம்மா."

"ஆவடியா? ஐயய்யே, எம்மாந்தூரம்! ரயில்ல போய் பேசின் பிரிட்ஜ்ல எறங்கி வேற ரயிலு புடிக்கணும். டெய்லி எப்டி போய்கினு வருவீங்க?"

"அதை நான் பாத்துக்குறேன்" என்றார். "இங்கேர்ந்து காலையில முதல் வண்டி எத்தனை மணிக்கு? அதை மட்டும் சொல்லுங்க."